துணிக்கு ஒரு நாள் ஓய்வு

நாற்காலிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சாத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் நாற்காலியே கிடையாது. என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டோம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணான நான்தான், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில், எங்கோ கடல் கடந்த ஊரில் யாரோ சாப்பிட உட்காரும் நாற்காலிகள் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தேன். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நடந்தது இது.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பருத்திதான், ஆனால் சாட்டின் நெசவு. ஒரு பக்கம் மட்டும் மினுமினுப்பாக, கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஊடே கொஞ்சம் ரப்பர் மாதிரியான நூலும் ஓடும். அகலவாக்கில் பிடித்து இழுத்தால் வரும், விட்டால் சுருங்கும். அதனால்தான் நாற்காலியின் வளைவு நெளிவெல்லாம் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். அதே துணியில் பெண்களுக்கான கால்சட்டையும் தைத்தார்கள், திரைச்சீலையும் தைத்தார்கள். என் பிரிவுக்கு வாய்த்தது நாற்காலி.

பூப் போடுவது அச்சுக்கட்டையாலோ ஸ்கிரீனாலோ அல்ல. பக்கத்துக் கட்டடத்தில் வெளிநாட்டு மெஷின் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைக் காகிதத்தில் அச்சடிக்கிற மாதிரியே நேராகத் துணியில் மையைத் தூவும். ஆமை வேகம். தூவிய உடனே பார்த்தால் சாயம் போன பழைய புடவை போல மங்கலாக இருக்கும். ஆவியில் வைத்து, அலசி, உலர்த்தி எடுத்த பிறகுதான் நிறம் எழும். எழுந்துவிட்டால் கண்ணைப் பறிக்கும். அந்த மெஷின் இருந்த அறைக்கு ஏசி, எங்கள் தலைக்கு மேலே தகரக் கூரை. சூடு ஏறினால் மெஷினில் மை அடைத்துக்கொள்ளுமாம். எங்களுக்குச் சூடு ஏறினால் எதுவும் அடைத்துக்கொள்ளாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

உலர்த்தும் இயந்திரம் துணியின் இரண்டு ஓரத்தையும் ஊசியில் மாட்டி, இழுத்துப் பிடித்தபடியே உலர்த்தும். அதே விறைப்போடு சுருட்டி எங்களிடம் அனுப்புவார்கள். சுருளைப் பிரித்த கையோடு வெட்டினால் தொலைந்தது. வெட்டிய துண்டு யாருக்கும் தெரியாமல் உள்வாங்கிக்கொண்டே இருக்கும். காலையில் வெட்டிய அளவு சாயங்காலம் இருக்காது. ஆகவே துணியைப் பிரித்து, மேஜைமேல் தளர்வாக மடித்துப் போட்டு, இருபத்து நான்கு மணி நேரம் யாரும் தொடாமல் விட வேண்டும். இதற்கு ரெஸ்ட் என்று பெயர். மேஜையின் மூலையில், துணி ரெஸ்டில் இருக்கிறது, தொடாதீர்கள் என்று பலகையே வைப்போம். எட்டு மணி நேர ஷிஃப்டும் அதன் மேல் நாலு மணி நேரம் ஓ.டி.யும் பார்த்துவிட்டு, ஒன்பது பெண்கள் ஒரே வாடகை அறையில் சுருண்டு கிடந்தோமே, எங்களுக்கு எந்தப் பலகையும் இல்லை. கொடுத்து வைத்த துணி என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அப்போது சிரிப்பு வந்தது.

ரெஸ்டில் கிடக்கும் ஒவ்வொரு துணிக்கும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. பிரித்த தேதி, பிரித்த நேரம், பிரித்தவர் கையெழுத்து. அட்டை எழுதுவதும் துணியைக் காவல் காப்பதும் என் வேலை. பன்னிரண்டாவது முடித்திருந்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் என்னைத் தையல் லைனிலிருந்து தூக்கி இங்கே போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்குப் போன் பண்ணும்போது, நான் எழுதுகிற வேலையில் இருக்கிறேன் என்றுதான் சொல்வேன்.

ரெஸ்ட் முடிந்த துணி கட்டிங் மேஜைக்குப் போகும். அந்த மேஜை ஓர் அக்காவுடையது. கூடப்பிறந்தவள் அல்ல, என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள், அவ்வளவுதான். பக்கத்துக் கிராமத்துக்காரி. தொழிற்பேட்டைக்காக அவள் புகுந்த வீட்டு நிலம் மொத்தமும் போய்விட்டது. நிலம் போன வீட்டுக்கு ஓர் ஆளுக்கு வேலை தருவதாக எங்கள் கம்பெனி ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தது. ஓர் ஆள், ஒரே தடவை. அந்த ஒரு வேலைக்கு அவள் புருஷனும் இரண்டு கொழுந்தன்மாரும் அடித்துக்கொண்டிருக்கும்போது, கம்பெனி பெண் ஆள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. மூத்த மருமகள் என்பதால் அவளுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து வீட்டில் அவளைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

"மூணு பேரு நெலம்மே. அத்தினியும் இப்போ என் ஒருத்தி வேலைல கீது. நான் ஒரு நாளு லீவு போட்டாக்கூட, நெலத்த வித்துட்டு வந்தா மாரி பாக்குறாங்கோ" என்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அட்டை என்ன சொன்னாலும் சரி, கத்தி வைப்பதற்கு முன்னால் துணியின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு. போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சாண் வைத்துப் பார்ப்பாள். கோடு இரண்டும் விரலுக்குச் சரியாக நின்றால்தான் வெட்டுவாள். நெருங்கி வந்திருந்தால், "இன்னும் வாங்குது" என்று சொல்லிவிட்டு வேறு துணிக்குப் போய்விடுவாள். டேப் இருக்கே அக்கா என்றால், "அது எங்க கீதுன்னு தேடறதுக்குள்ள கை கீது பாரு" என்று ஐந்து விரலையும் என் மூஞ்சிக்கு நேரே விரிப்பாள். அவள் வெட்டிய துண்டு அளவில் தவறியது என்று நான் இருந்தவரை ஒரு புகார் வந்ததில்லை. அந்த ஒன்றைத் தவிர.

என் பேச்சை வைத்து என்னை ஓட்டுவாள். நான் "அங்கிட்டு வைக்கவா, இங்கிட்டு வைக்கவா" என்றால் கட்டிங் பிரிவே திரும்பிப் பார்க்கும்படி அதையே திருப்பிச் சொல்வாள். நான் அவளுடைய "கீது"வைப் பிடித்துக்கொள்வேன். இதெல்லாம் சும்மா. ஒரு தடவை எனக்கு அம்மை போட்டது. அறையில் மற்ற எட்டுப் பெண்களுக்கும் பயம். வீட்டுக்காரம்மா வாசலில் நின்றுகொண்டே, இன்றைக்கே ஊருக்குக் கிளம்பு என்றார். காய்ச்சலில் நிற்கக்கூட முடியாத நான் எந்த பஸ்ஸில் ஏறி எந்த ஊருக்குப் போவேன்? தகவல் தெரிந்து அந்த அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து, என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருந்தது. மாமியார் வாய்க்கு வந்தபடி பேசினாள். குழந்தையைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னை வேப்பிலையில் படுக்க வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பெற்றவளுக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை, பயந்துவிடுவாள் என்று. இதை இங்கே எழுதுவது அவள் நல்லவள் என்று காட்டுவதற்காக அல்ல. பின்னால் நான் செய்தது யாருக்குச் செய்தது என்று தெரிய வேண்டும்.

எங்கள் சூப்பர்வைசர் திருப்பூர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அதுதான் என் கோபம். கெட்டவராக இருந்திருந்தால் பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். தீபாவளிக்குத் தன் கைக்காசில் எங்களுக்கு இனிப்பு வாங்கித் தருபவர். யாரையும் கெட்ட வார்த்தையில் திட்டியதில்லை. மேலே இருந்து வந்த நெருக்கடியை அப்படியே கீழே இறக்கிவிடத் தெரிந்தவர். அந்த வருஷம் நிரந்தரம் ஆக்கப் போகிறவர்களின் பட்டியலை அவர்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் என் பெயர் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்க வேண்டும், இரவல் நாற்காலியில் யாராவது வந்து உட்கார்ந்து என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஊரும் வேண்டாம், அந்த நாற்காலியும் வேண்டாம்.

நீலப் பூக்கொடி ஆர்டர் அப்போது வந்ததுதான். நாற்காலியின் முதுகில் மேலிருந்து கொடி ஒன்று இறங்கி வரும். முதுகும் இருக்கையும் சேரும் தையலில் மூன்று பூக்கள், வரிசையாக. ஒவ்வொரு பூவிலும் மேல்பாதி முதுகுத் துண்டில் இருக்கும், கீழ்ப்பாதி இருக்கைத் துண்டில். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் தையல் இருப்பதே தெரியாமல் பூ முழுசாக நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் மெஷினால்தான் இப்படிப் படம் போட முடியும் என்று எங்களைக் கூட்டிவைத்துப் பெருமையாகச் சொன்னார்கள். போட்டுப் பார்ப்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு நாற்காலியும் வந்திருந்தது. தேக்கு மாதிரி பளபளவென்று பிரிவின் நடுவில் நிற்கும். அதில் யாரும் உட்காரக் கூடாது.

இருக்கைத் துண்டுகளை முந்தின வாரமே முறையாக ரெஸ்ட் விட்டு வெட்டி முடித்திருந்தோம். முதுகுத் துணி வரவில்லை. மெஷினில் மை அடைத்துக்கொண்டு மூன்று நாள் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். புதன்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும்போதுதான் துணி வந்தது. தொட்டுப் பார்த்தேன், சுருளுக்குள் இன்னும் சூடு இருந்தது. சூப்பர்வைசர் தானே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவரும் நானுமாகத்தான் பிரித்துப் போட்டோம். மற்றவர்கள் இன்னும் வரிசையில் நின்று பஞ்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து காலைல ஏழு மணின்னு கார்டுல எழுதிப்போடு புள்ள" என்றார்.

"சார், இப்பத்தானே வந்துருக்கு. சூடுகூட ஆறலயே."

"நாலு மணி நேரம் கெடக்கட்டும், போதும். மத்தத நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கெழம சரக்குப் போகலீன்னா என்ற வேலையே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, சாதாரணமாகச் சொல்வது போலவே சொன்னார்: "லிஸ்ட்டுல உன்ற பேரு எழுதி வெச்சிருக்கறேன். இந்த வாரந்தான் அனுப்போணும்."

எழுதினேன். கை நடுங்கியது, மனசு அடித்துக்கொண்டது என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஒன்றும் ஆகவில்லை. முத்து முத்தாகத்தான் எழுதினேன்.

கட்டிங் அக்காவுக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை வார லீவு. கிருத்திகை வேறு. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்தே போய்வருவதாக வேண்டுதல், போய்விட்டு வந்திருந்தாள். ஒன்பது மணிக்கு ஜெனரல் ஷிஃப்டில் உள்ளே வரும்போதே கொஞ்சம் நொண்டினாள். எனக்கென்று மடித்துக் கொண்டுவந்த விபூதியை என் நெற்றியில் தானே இட்டாள். பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் துணியை அவள் மேஜைக்கு மாற்றச் சொன்னார். அவள் வழக்கம்போல் கோடு போட்டாள், டீ குடிக்கப் போனாள், வந்து சாண் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

"இது எப்போ பிரிச்சதுமே?"

"நேத்து காலைலக்கா."

"உள்ள வாங்குதே. இன்னாது இது?"

"நேத்து நீங்க லீவுக்கா. ஏழு மணிக்கு நான்தான் பிரிச்சுப் போட்டேன். கார்டப் பாருங்க."

அவள் கார்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அட்ட கெடக்குது வுடு. நீ சொல்லு. வெட்லாமா?"

"வெட்டுங்கக்கா."

"நீயே சொல்லிட்ட, அப்பறம் இன்னா" என்று சொல்லிவிட்டு அடுக்குப் போட ஆரம்பித்தாள். பூவுக்கு மேல் பூ பொருந்தும்படி ஒவ்வொரு அடுக்கிலும் நீள ஊசியைக் குத்தி, ஒரு சுருக்கம் விழாமல், பச்சைப்பிள்ளையைக் கிடத்துவது போல் கிடத்தினாள். இழுக்கவே இல்லை. நான் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கத்தி மெஷின் ஓடியது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

இந்த இடத்தில் மட்டும் சூப்பர்வைசரை இழுக்க எனக்கு வழியில்லை. அட்டை எழுதச் சொன்னது அவர். அவளிடம் பொய் சொல்லச் சொன்னது யாரும் இல்லை. காதோடு காதாக, இது காலையில்தான் வந்தது அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் கத்தியைத் தொட்டிருக்க மாட்டாள். முடியாது என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாள். யார் சொன்னது என்று அவர் தேடியிருப்பார். பட்டியல் இன்னும் போகவில்லை. இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தாயா என்று கேட்டால், யோசித்தேன். தெளிவாகவே யோசித்தேன்.

வியாழக்கிழமை தையல் லைனில் முதல் உறைகள் தைத்து வந்தன. முதுகுத் துண்டு இரண்டு விரல்கடை சுருங்கியிருந்தது. நடுப்பூ ஓரளவுக்குச் சேர்ந்தது; ஓரத்துப் பூக்கள் இரண்டும் மேல்பாதி ஓரிடம், கீழ்ப்பாதி ஓரிடமாக விலகி நின்றன. தையல்காரப் பெண்கள் முதுகுத் துண்டை இழுத்துப் பிடித்துத் தைத்துப் பார்த்தார்கள். ஊசியை விட்டு வெளியே வந்ததும் மறுபடி சுருங்கியது. வாங்குகிற கம்பெனியின் தர அதிகாரி சென்னையிலிருந்து காரில் வந்தார். உறையை நாற்காலியில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொன்றை மாட்டினார். பத்தாவது உறையோடு நிறுத்திக்கொண்டு, மொத்தமும் ரிஜெக்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

துணி இப்படிச் சுருங்க இரண்டே காரணம்தான். ஒன்று, ரெஸ்ட் விடாமல் வெட்டியிருக்க வேண்டும். அல்லது மேஜையில் விரிக்கும்போது இழுத்து விரித்திருக்க வேண்டும். முதல் காரணத்துக்கு இடமில்லை, அட்டை இருந்தது. அச்சுக் கட்டடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் துணி எப்போது வெளியே வந்தது என்று தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மெஷின் மூன்று நாள் படுத்ததை யார் மேலிடத்துக்குச் சொல்வது?

மேனேஜரின் கண்ணாடி அறைக்கு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். மேஜைமேல் என் மஞ்சள் அட்டை. அவர்கள் இருவரும் முன்னால், நான் கதவோரம். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெஸ்ட்டெல்லாம் சரியா வுட்டிருக்குதுங்க சார். விரிக்கறப்போ இழுத்துப் போட்டுருச்சாட்டம் இருக்குது" என்றார்.

அவள் அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நான் இஸ்கல சார். துணி உள்ள வாங்குது, எனக்கு கைல தெர்ஞ்சுது. அத்த நான் வெட்றதுக்கு முன்னாடியே கேட்டேன். தோ, அந்தப் பொண்ணு பக்கத்துலயே இருந்துது. அதையே கேளுங்க. என் வூட்ல இருந்த பொண்ணு சார். அது பொய் சொல்லாது."

மேனேஜர் அட்டையை என் பக்கம் திருப்பினார். "இது உன் கையெழுத்துதானே? இதில் இருக்கிற நேரம் கரெக்டா?"

"கரெக்ட் சார்."

"அவங்க விரிக்கும்போது நீ பார்த்தியா?"

"நான் அங்கிட்டு இல்ல சார்."

அங்கிட்டு என்று நான் சொன்னால் அவள் வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்குத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்கில் எங்கோ பிசகிவிட்டதே என்று யோசிக்கிற மாதிரிதான் அவள் முகம் இருந்தது.

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரே தடவை. அந்த வீட்டுக் கணக்கு முடிந்துவிட்டது. மறுநாள் அவளுடைய கொழுந்தன் கேட்டில் வந்து நின்று, எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கத்தினான். வாட்ச்மேன்கள் இரண்டு பேர் அவனை ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. விலகிய பூ உறைகளைத் துண்டு துண்டாக்கிக் கழிவுத் துணியாகப் போட்டார்கள். நல்ல துணியாச்சே என்று சில பெண்கள் தலையணை உறைக்கு எடுத்துக்கொண்டார்கள். என்னையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. அறைப் பெண்கள் ட்ரீட் கேட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன். நிரந்தரத் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தாள்.

அவள் வந்து சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். என் அறை அவளுக்குத் தெரியும். வந்து நாலு பேர் முன்னால் என்னைக் கேட்பாள், நான் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சூப்பர்வைசர் மிரட்டினார் என்று சொல்லலாம், எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று சொல்லலாம். குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போதெல்லாம் அவளோடு மனசுக்குள் வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. நானும் அவள் ஊர்ப் பக்கம் போகிற வழியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன்.

எட்டு ஒன்பது மாதம் கழித்து, ஒரு காலை வேளையில், சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். பார்த்தேன் என்ன, அவள்தான் என்னை முதலில் பார்த்தாள். ஓடி ஒளிய நேரம் கொடுக்கவில்லை.

"இன்னாம்மே, இப்டி எளச்சிப் போய்ட்ட?"

சாயம் போன புடவை, அதன்மேல் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுக்கிற ஆரஞ்சு மேல்சட்டை. அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் தட்டுக் கழுவுவதாகச் சொன்னாள். வேன் வருவதற்காக நின்றுகொண்டிருந்தாள். விரல் இடுக்குகள் சோப்புத் தண்ணீரில் வெளுத்து உரிந்திருந்தன. குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேட்டேன். போகிறது என்றாள். மாமியார் எப்படி என்று கேட்டேன். அப்படியேதான் என்று சிரித்தாள். இப்போதே சொல்லிவிடு என்று எனக்குள் ஏதோ பிடித்துத் தள்ளியது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன பாத்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்மே. அன்னிக்கு ஆபீஸ் ரூம்ல உன்ன வேற நடுவுல மாட்டி வுட்டுட்டேன். நீ இன்னா பண்ணுவ, பாவம். கார்டுல இருக்கறதத்தான சொல்ல முடியும்?"

"அக்கா..."

"இரு, நான் சொல்லிக்கிறேன். எத்தினியோ நாளு படுத்துக்கினு யோசிச்சேன். நான்தான் இஸ்துட்டேன் போல. மொத நாளு அம்மாந்தூரம் நடந்து போய்ட்டு வந்த அசதி. காலு ரெண்டும் வலி உயிர் போவுது. மேஜ மேல சாஞ்சிக்கினுதான் துணி போட்டேன். தெரியாத்தனமா இஸ்துட்டுக்கீறேன். வூட்ல ஆரம்பத்துலேந்து எல்லாரும் அத்தத்தான் சொன்னாங்கோ. நான்தான் இல்ல இல்லன்னு சண்ட போட்டேன். இப்போ எனக்கே அப்டித்தான் தோணுது. கத்திரிக்கோல் எட்த்தாலே கை ஒதறுதுமே. உம்மேல அநியாயமா பழிய போடப் பாத்தேன். மன்ச்சுக்கோ."

தூரத்தில் வேன் திரும்பி வருவது தெரிந்தது. சொல்வதற்கு நேரம் இருந்தது. நேரம் இல்லை என்று பிற்பாடு நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது பொய். வேன் டீக்கடை முன்னால் நின்று வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு, மெதுவாகத்தான் வந்தது.

"விடுங்கக்கா" என்றேன். "தெரியாம நடந்ததுதானே. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

அவள் முகம் தெளிந்தது. என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, மனசு லேசானவளாக வேனில் ஏறி உட்கார்ந்தாள்.